ஆயுத பூஜைக்குத் துலக்கியது

"யார் சார் இதைத் துலக்கினது?"

அப்துல் கபார் கேட்டு முடிப்பதற்குள் சிங்காரவேலு சொல்லிவிட்டார். "நான்தாங்க. ஆயுத பூஜையாச்சே, ஒரு ஆர்வத்துல..."

அவர் மனைவி உமாராணிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

மற்ற குவார்ட்டர்ஸ் ஷோகேஸில் பொம்மை இருக்கும். இங்கே பதினேழு பழைய ராணுவ ஹெல்மெட். நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் எட்டு மணி நேரம் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு நிற்கிற மனுஷனுக்கு வீட்டிலும் ஹெல்மெட். ஈரத்துணி படக்கூடாது. "துரு இல்ல உமா, அது வயசு" என்பார். விளிம்பைத் தடவி, பட்டை மாட்டும் வளையத்தை உற்றுப் பார்த்து, எந்தச் சண்டைக் காலத்தது என்று ஜாதகம் கணிப்பார்.

அதில் தட்டைக் கவிழ்த்த மாதிரி இருக்கும் இந்தப் பிரிட்டிஷ் ஹெல்மெட்தான் அவருக்கு உயிர். இரண்டாம் உலகப் போர் என்று அடித்துச் சொல்வார். "முதல் போராவும் இருக்கலாம், நேர்ல பாக்கணும்" என்று போனில் சொல்லிவிட்டு, மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து இன்று வந்திருந்தார் கபார். கடலூரில் அவர் நடத்தும் கண்காட்சிக்கு ஒன்று எடுக்க வேண்டும். ரிட்டயர் ஆவதற்குள் ஒன்றாவது தன் பெயரோடு நாலு பேர் பார்வைக்குப் போக வேண்டும், சிங்காரவேலுவுக்கு வேறு ஆசை கிடையாது.

அந்த ஆசைதான் இப்போது புது எவர்சில்வர் மாதிரி டீப்பாயில் மின்னிக்கொண்டிருந்தது.

"பழைய பெயின்ட் மொத்தமும் போச்சே சார். பெயின்ட்தானே இதுக்கு பர்த் சர்டிபிகேட்" என்றார் கபார்.

உமாராணியால் பொறுக்க முடியவில்லை. "என்னைப் பக்கத்துல வரவிட மாட்டீங்க. நீங்க மட்டும் புளி போட்டுத் தேய்ப்பீங்களா? ஹெல்மெட்டா அது, ரசச் சட்டியா?"

"விடு உமா" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

கபார் லென்ஸை எடுத்தார். ஹெல்மெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் கவிழ்த்தார். விளிம்பின் அடிப்பக்கத்தில் அவர் விரல் நின்றது.

"சார், இங்க பாருங்க. பெயின்டுக்கு அடியில முத்திரை. 1941. நீங்க சொன்னதுதான் சரி."

சிங்காரவேலு இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "ஆனா, இந்தக் கோலத்துல எப்படிங்க வெப்பீங்க?"

"தாராளமா வெப்பேன். பக்கத்துல ஓர் அட்டை. 'நெய்வேலியில் ஆயுத பூஜைக்குத் துலக்கியது.' அதுவும் இதோட சரித்திரம்தானே. துலக்கினவர் சிங்காரவேலுன்னு போட்டுடவா?"

காபி டம்ளர் எடுக்க வந்த வேலைக்காரப் பார்வதி அப்படியே நின்றுவிட்டாள்.

"சார் இல்லீங்கய்யா, நான்தான். நேத்து இத்த எடுத்துப் பாதி தேச்சிட்டேன். ஷிப்ட் முடிஞ்சி வந்து சார் பாத்துட்டாரு. நான் அழுதுகினு நிக்கறேன், அவரு ஒரு வார்த்த திட்டலீங்க. கம்பி நார வாங்கி மீதிப் பாதிய அவரே தேச்சாரு. 'இப்ப நான் செஞ்சேன்னு சொன்னா பொய் இல்லல்ல'ன்னாரு."

"ஏன்டி, ஷோகேஸைத் தொடக்கூடாதுன்னு உனக்குத் தெரியாது?" என்று ஆரம்பித்தாள் உமாராணி.

பார்வதி சிங்காரவேலுவைப் பார்த்தாள். அவர் திடீரென்று ஃபேனை ஆராய ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் நேற்று மந்தாரக்குப்பத்துக்குப் பொரி கடலை வாங்கக் கிளம்பும்போது, கேட்டில் நின்று தான் போட்ட சத்தம் உமாராணியின் காதில் திரும்ப விழுந்தது.

'நான் வர்றதுக்குள்ள வீட்ல இருக்கற இரும்பு ஒண்ணு விடாம பளபளன்னு இருக்கணும். இல்லன்னா நாளையிலிருந்து வராத.'

'சாரோட ஹெல்மெட்டுங்கம்மா?'

'இரும்புன்னா இரும்புதான்டி. பஸ் வருது, வழிய விடு.'

உமாராணி பார்வதி கையிலிருந்த டம்ளர்களைத் தானே வாங்கிக்கொண்டாள்.

"கபார் பாய், அந்த அட்டையில ஒரு வரி சேத்துக்குங்க. 'துலக்கச் சொன்னது உமாராணி.'"