இடது கால் பதினாறு

மருந்துக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தையல்காரி தன் அளவு டேப்பாலேயே கெண்டைக்கால்களை அளந்து பார்க்கிறாள். வலது பதினாலு அங்குலம். இடது பதினாறு, தொட்டால் கொதிக்கிறது. “மிஷின் மிதிச்ச வலிதான், தைலம் தேய்ச்சா சரியாப்போயிடும்,” என்று குப்பியைத் திறக்கிறாள், பேரனுக்காகத் தவம் கிடக்கும் மாமியார். “தேய்க்கவே கூடாது! ரத்தம் கட்டியிருந்தா நுரையீரலுக்குப் போயிடும். கருத்தடை மாத்திரையாலகூட இப்படி ரத்தம் கட்டும், ஏதாவது சாப்பிடறீங்களா?” என்று கேட்கிறாள் கடைக்காரம்மா. “அவ எதுக்கு அதெல்லாம் சாப்பிடப்போறா?” மாமியார் சிரிக்கிறாள். மின்விசிறி தலைக்குமேல் கிறீச்சிடுகிறது. தையல்காரி பையிலிருந்து பொத்தான் டப்பாவை எடுக்கிறாள். பொத்தான்களுக்கு அடியிலிருந்து பாதி காலியான மாத்திரை அட்டை வெளியே வருகிறது. “நாலு மாசமா,” என்கிறாள், யார் முகத்தையும் பார்க்காமல். “இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. அட்டையையும் கொண்டுபோய்க் காட்டுங்க,” என்கிறாள் கடைக்காரம்மா. மாமியார் குப்பியின் மூடியைத் திருகுகிறாள்; அது எப்போதோ இறுகிவிட்டது, இன்னும் திருகிக்கொண்டே இருக்கிறாள்.