எட்டு மீட்டர்

“எட்டே மீட்டர்! எப்படிப்பா நிறுத்தினே?” என்று கேட்டபடி அளவு நாடாவைச் சுருட்டினார் மாவு மில் இன்ஜினியர் கசெரேக்கா.

பலுக்கு முழங்கையைத் தேய்த்துக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருடமாகக் கோமா நகரத்து மேட்டில் சுக்குடு தள்ளிய முழங்கால்கள் இரண்டும் போதும் போதும் என்றன.

சுக்குடு என்பது மரத்தில் செய்த இரண்டு சக்கர வண்டி. பின்சக்கரத்தின் மேல் காலால் மிதிக்கும் டயர்த் துண்டுதான் பிரேக். ஸ்டாண்டு கிடையாது, சுவரோ மரமோ அகப்பட்டதில் சாய்த்துவிடுவார்கள். இப்போது அது ஆறு சோள மூட்டைகளோடு, வளைவில் மர நிழலில் நிறுத்தியிருந்த இன்ஜினியரின் காரில் சாய்ந்திருந்தது.

முழுச் சுமையோடு இறங்கி, வளைவில் போட்ட வெள்ளைக் கோட்டிலிருந்து பத்து மீட்டருக்குள் நின்றால் மாவு மில்லில் நிரந்தர வேலை. மில்லிலிருந்து ஏரித்துறை வரை இறக்கம் மட்டும்தான். காலி வண்டியை லாரி ஏற்றி வந்துவிடும். இந்த ஜென்மத்தில் இனி மேடு ஏற வேண்டாம். காலையிலிருந்து ஒன்பது பேர் கோட்டைத் தாண்டி, காரையும் தாண்டி, வேலிக்குள் போய்ச் சேர்ந்தார்கள்.

பலுக்கு இறங்கும்போது மேட்டு உச்சியில் கடிகாரத்தோடு நின்றிருந்து, பிறகுதான் அளக்க இறங்கி வந்த கசெரேக்கா, இப்போது நோட்டைத் திறந்தார்.

“ஆளும் சுமையுமா நானூறு கிலோ. நொடிக்கு ஆறு மீட்டர் வேகம். சரிவையும் சேர்த்தா ஆயிரத்து முந்நூறு நியூட்டன் விசை வேணும்.” பலுக்குவின் குச்சிக் காலைப் பார்த்தார். “நீ மொத்தமா ஏறி மிதிச்சாலும் நானூறு தேறாது. மீதி எங்கேருந்து வந்துச்சு?”

“கடவுள் குடுத்தாரு சார்.”

“அவரைக் கணக்குல சேர்க்க முடியாதே!”

“மொதல்ல கையெழுத்துப் போடுங்க சார். ரொம்ப அசதியா இருக்கு.”

கசெரேக்காவுக்கும் அசதிதான். பத்தாவது ஆளிலாவது ஒருவன் தேறினானே என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பலுக்கு காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைக்குள் பத்திரப்படுத்தினான்.

“சரி, என் கார்ல சாய்ச்சு வெச்சிருக்கியே, அந்த வண்டியை எடு. நான் கிளம்பணும்.”

பலுக்கு எழுந்திருக்கவில்லை.

“அது சாஞ்சு நிக்கல சார். கதவுக்குள்ள நிக்குது.”