முந்நூற்றுப் பன்னிரண்டு வாசகர்கள்

ஸ்ரீகண்டன் ஒரு திருடன் என்பதில் நிக்கோலுக்குச் சந்தேகமே இல்லை. ஆதாரம்தான் இல்லை.

இதழியல் டிப்ளமா வகுப்பில் அந்த வருடம், இரண்டாயிரத்தில், சுவரில் ஒட்டும் பத்திரிகையை நிறுத்திவிட்டு இணையதளம் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு கட்டுரை. கட்டுரையின் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. எத்தனை தடவை திறக்கப்பட்டது என்று அதில் ஓர் எண் ஓடும். மாதக் கடைசியில் யாருடைய எண் பெரியதோ அவருக்கு வைட்ஃபீல்டில் ஓர் இணையப் பத்திரிகையில் வேலை.

“முப்பது வருஷம் பேப்பர்ல எழுதினேன். எத்தனை பேர் படிச்சாங்கன்னு ஒரு நாளும் தெரியாது. நிம்மதியாத் தூங்கினேன்” என்றார் ஆசிரியர் வெங்கடராமன், அந்தப் பெட்டியை முதல் நாள் பார்த்தபோது.

நிக்கோல் தூங்கவில்லை. தான் குடியிருக்கும் காக்ஸ் டவுனில் குழாய்த் தண்ணீர் ஏன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது என்று மூன்று வாரம் அலைந்து, இருபது பேரைப் பேட்டி கண்டு எழுதியிருந்தாள் அவள். ஸ்ரீகண்டன் தன் வீடு இருக்கும் சிவாஜிநகரின் கறிக்கடைப் பூனைகளைப் பற்றி எழுதினான். மட்டன் கடைப் பூனைக்கும் கோழிக் கடைப் பூனைக்கும் குணத்தில் என்ன வித்தியாசம் என்று. அரை மணி நேரத்தில் எழுதியதாக அவனே சொல்லிக்கொண்டான்.

முதல் வார முடிவில் வெங்கடராமன் பலகையில் எழுதினார்: தண்ணீர் 43, பூனை 46.

மூன்று பேர். அந்த மூன்று பேரும் நிக்கோலின் நெஞ்சில் ஏறிச் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார்கள்.

தன் கட்டுரையைத் தானே திறந்து பார்ப்பது அவளுக்குக் கேவலமாகப் பட்டது. ஒரு தடவைகூட அதைச் செய்யவில்லை. ஆனால் எதிரியைக் கண்காணிப்பது நிருபரின் கடமை அல்லவா? வீட்டுக்குப் போகும் வழியில் பஸ் மாற சிவாஜிநகரில் இறங்கும்போதெல்லாம், ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த எத்திராஜின் பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தாள். லைன் மந்தம். பக்கம் பாதி வந்து முக்கிக்கொண்டு நிற்கும். மறுபடி தட்ட வேண்டும்.

பூனை 58. மறுநாள் 73. அதற்கு மறுநாள் 91.

ஊரே வேலையாய் இருக்கும் நேரத்தில் எவன் உட்கார்ந்து பூனைகளைப் படிக்கிறான்? எழுதினவனைத் தவிர?

திருடனாகவே இருக்கட்டும் என்று அவள் உள்ளூர வேண்டிக்கொண்டாள். திருடனை மன்னித்துவிடலாம். ஊருக்கு உண்மையிலேயே தண்ணீரைவிடப் பூனைதான் பிடித்திருக்கிறது என்றால், அதை எப்படித் தாங்குவது?

“பூனை எப்படி இருக்கு?” என்று அவனிடம் ஒரு நாள் கேட்டுப் பார்த்தாள்.

“குட்டி போட்டுகிட்டே இருக்கு. உங்க ஏரியால தண்ணி வந்துச்சா?”

எவ்வளவு திமிர்!

மாதக் கடைசி. தண்ணீர் 104, பூனை 312.

நிக்கோல் எழுந்து, தயாராக வைத்திருந்த புகாரை நீட்டினாள். வெங்கடராமன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“கள்ளத்தனமா நம்பரை ஏத்தினவங்க யாரா இருந்தாலும் போட்டியிலேருந்தே நீக்கணும்னு எழுதியிருக்கியேம்மா. கொஞ்சம் கடுமையா இல்ல?”

“யாரா இருந்தாலும் சார்.”

“ஸ்ரீகண்டா, நீ என்னப்பா சொல்ற?”

“எனக்கு கம்ப்யூட்டர்னாலே கை நடுங்கும் சார். பேப்பர்ல எழுதிக் குடுத்தேன், தங்கச்சிதான் டைப் பண்ணினா.”

“நடிக்கிறான் சார்!”

மூன்றாம் நாள், எந்தெந்த இடத்திலிருந்து கட்டுரை திறக்கப்பட்டது என்ற பட்டியல் இணையதளத்தை நடத்தும் கம்பெனியிலிருந்து வந்தது. வெங்கடராமன் வகுப்பில் வாசித்தார்.

“பூனைக் கட்டுரையை இருநூத்தி ஐம்பத்தோரு தடவை ஒரே இடத்துலேருந்து திறந்திருக்காங்க. சிவாஜிநகர், எத்திராஜ் பிரவுசிங் சென்டர்.”

தான் போய் உட்கார்ந்த அதே கடையில், தன் மூக்குக்குக் கீழேயே! நிக்கோல் துள்ளி எழுந்தாள்.

“இவன் வீடு அங்கதான் சார்!”

வகுப்பு மொத்தமும் ஸ்ரீகண்டன் பக்கம் திரும்பியது. அவன் தன் பின்னால் வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

“அதைக் கழிச்சா பூனைக்கு வெறும் அறுபத்தொண்ணு. தண்ணிக்கு நூத்தி நாலு. தண்ணிப் பட்டியலையும் பாத்தேன், எல்லாம் வேற வேற இடம். நியாயமா நீதான் ஜெயிச்ச, நிக்கோல்.”

ஊருக்குத் தண்ணீர்தான் பிடித்திருக்கிறது! அவளுக்குக் கண் கலங்கியது. வைட்ஃபீல்டில் ஒரு மேசை, ஒரு சுழல் நாற்காலி, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாம் தெரிந்தன. இந்த நேரத்தில் ஸ்ரீகண்டன்மீதுகூடக் கொஞ்சம் இரக்கம் வந்தது.

“ஆனா உன் புகார்ப்படி ஆளை நீக்கணும்னா, ஆள் யாருன்னு சாட்சி சொல்லணுமே. கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன். வெளியிலதான் நிக்கறார்.”

“கூப்பிடுங்க சார்” என்றாள் நிக்கோல் கம்பீரமாக.

எத்திராஜ் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கோயிலுக்குள் வருவதுபோல் வந்தார். பூனைக் கட்டுரையைத் தினமும் திறந்தது யார் என்று கேட்டதும் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்தார். ஸ்ரீகண்டனைத் தாண்டினார். சட்டென்று அவர் முகமெல்லாம் சிரிப்பானது.

“நிக்குதே, இந்தப் பாப்பாதான் சார். டெய்லி வந்து அந்தப் பையன் பக்கத்தைத் திறக்கும், நம்பரைப் பாத்துக் கண்ணு கலங்கும், மூடிட்டு மறுபடி திறக்கும். நான் லவ்வுன்னு நெனச்சுல்ல இத்தனை நாள் கண்டுக்காம இருந்தேன்!”