நின்றுபோன வாசிப்பு

"மறைச்சுருளை மூடுங்க! என் நியாயத்தைக் கேட்டுட்டு அப்புறம் வாசிங்க!"

"இது ஜெபம் பண்ற இடம், குடும்பச் சண்டைக்கு…"

"சண்டையை இழுத்ததே நீதான், ஊரியேல்! ஆறு வருஷமா சேர்ந்தும் வாழலே, விலக்குச் சீட்டும் கொடுக்கலே. உன் கையால அதைக் கொடுக்காம யோகெவெத் இன்னொருத்தனைக் கட்டிக்க முடியுமா?"

குரல் பெண்கள் மாடத்துத் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. ஜெருசலேமின் அந்தச் சிறிய யூதத் தொழுகைக்கூடத்தில், முறையிட்டவருக்கு வழி சொல்லாமல் வாசிப்பைத் தொடர மாட்டார்கள். கீழே ஆண்களுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"பெண்ணைப் பெத்த வயிறு, சும்மா விடாதுப்பா. கொடுத்துத் தொலை!" என்றார் ஒரு மீன்கடைக்காரர்.

ஊரியேல் தலைகுனிந்தான்.

"இன்னிக்கே கொடுத்துடறேன். வாசிங்க."

மத்தியானம் ரபிகளின் நீதிமன்றத்தில், யோகெவெத் சேர்த்து ஏந்திய இரண்டு கைகளிலும் அவன் சீட்டைப் போட்டான். பிறகு, காலையில் திரைக்குப் பின்னாலிருந்து முறையிட்டவளின் தோளில் சாய்ந்து, அழுகையும் சிரிப்புமாக நின்றாள்.

"பொண்ணோட அம்மாவா?" என்று கேட்டார் சீட்டெழுதியவர்.

"இல்லீங்க, நான் இவனைப் பெத்தவ. இன்னியிலேர்ந்து இவளுக்கும் அம்மான்னு வெச்சுக்கோங்க."

இருவரும் கைகோத்து வாசலைத் தாண்டும்போது, பின்னாலிருந்து ஊரியேல் மெல்லக் கேட்டான்:

"அம்மா, நாளைக்கு ஓய்வுநாள் விருந்துக்கு நானும் வரட்டுமா?"