புகையில்லாத ஊர்

சர்க்கார் இலவசமாகக் கட்டிக் கொடுத்த புகையில்லா அடுப்பைச் சின்னத்தாயி இடித்துப் போட்டுவிட்டாள்.

இடித்ததோடு விட்டாளா? அதே இடத்தில் மூன்று கல்லைக் கூட்டி வைத்து, ஈர விறகைச் செருகி, ராப்பகலாய்ப் புகைய விட்டுக்கொண்டிருந்தாள்.

வட்டவடையில் அந்த வரிசையில் மொத்தம் பதினேழு வீடு. பதினாறு வீட்டில் குழாய் வழியாகப் புகை ஒழுங்காக மேலே போனது. இவள் வீட்டில் மட்டும் கூரைப் புல் முழுக்கப் புகை கசிந்தது. ஆபீசர் வருகிற அன்றைக்கும் அப்படித்தான்.

மலையாளத்துக்கார ஆபீசர் ஜீப்பில் வந்து இறங்கினார். அடுப்புக் கட்டிக் கொடுத்து ஒன்றரை வருஷம் கழித்து அவர் எட்டிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. 'புகையில்லாத ஊர்' என்று பரிசு கொடுக்க வந்திருந்தார். பரிசு, ஊருக்குப் பொதுவாக ஒரு பேட்டரி ரேடியோ. ஜீப்பின் முன்சீட்டில் அது மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"எந்தா இது? அது யார் வீடு?" என்றார் ஆபீசர், புகையைப் பார்த்து.

ஊர்ப் பெரியதனம் நல்லதம்பி முன்னால் வந்து கைகட்டினார். "அது ஒரு திமிர் புடிச்ச பொம்பளைங்கய்யா. ஒண்டிக்கட்டை. சொன்னாக் கேக்க மாட்டா."

பக்கத்து வீட்டுச் சுருளியம்மாளுக்கு வாய் சும்மா இருக்குமா? "நீங்க குடுத்த அடுப்புல எங்களுக்குக் கண்ணெரிச்சலே இல்லங்கய்யா. வெறகும் பாதிதான் ஆகுது. இவ ஒருத்தியால ஊருக்கே கெட்ட பேரு!"

ஆபீசர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு உள்ளே குனிந்தார். இருமினார். அண்ணாந்து பார்த்தார். பரண் நிறையப் பூண்டுக் கட்டுகள், புகை ஏறிக் கறுத்துத் தொங்கின.

"ஓஹோ! இந்தப் பூண்டுக்காகத்தான் அடுப்பை உடைச்சியா?"

அடுப்படியிலிருந்து சின்னத்தாயி எழுந்தாள். கண் இரண்டும் மிளகாய்ப்பழமாய்ச் சிவந்திருந்தது.

"வெதப்பூண்டுங்கய்யா. நடுற வரைக்கும் பொகை படணும். இல்லேன்னா பூஞ்சை புடிச்சு வீணாப் போயிரும்."

"இந்த ஊர்ல எல்லாரும்தான் பூண்டு போடறாங்க. அவங்க விதை வீணாப் போகலியே?"

சின்னத்தாயி வாசலைப் பார்த்தாள். வாசலில் நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அது அவுக சாமர்த்தியம்ங்கய்யா. எனக்குத் துப்பில்ல."

"துப்பில்லாம இல்ல, பேராசை! பெரியதனம், தண்ணிய எடுத்து ஊத்தும். இந்தக் கல்லைத் தூக்கி வெளியே எறியும். எறிஞ்சாத்தான் ரேடியோ. மனசிலாச்சா?"

பெரியதனத்தின் கை எழும்பவில்லை. இவ்வளவு நேரம் ஏசிய சுருளியம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள். ரேடியோ ஆசை ஒருபக்கம் இருந்தாலும், தண்ணீர்க் குடத்தைத் தொட ஒருத்தரும் வரவில்லை.

ஆபீசரே குடத்தைத் தூக்கினார்.

சின்னத்தாயி ஓடிவந்து அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். "ஐயா, வேணாங்கய்யா! ஊருக்கு ரேடியோவக் குடுத்துட்டுப் போங்க. எம்பேர லிஸ்டுல இருந்து அடிச்சிருங்க. இங்க இப்பிடி ஒரு வீடே இல்லேன்னு எழுதிக்கங்க. அடுப்ப மட்டும் அணைச்சிராதீங்க!"

ஆபீசர் குடத்தைக் கீழே வைத்தார். யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. பதினேழில் பதினாறு என்று எழுதினால் மேலதிகாரி கேள்வி கேட்பார். பதினாறுக்குப் பதினாறு என்றால் கேட்பாரா? பேனாவைத் திறந்து ஒரே கோடு. சின்னத்தாயி வீடு வட்டவடையிலேயே இல்லாமல் போனது.

அப்புறம் மாலை, கைதட்டல், பிரசங்கம். "சொந்த லாபத்துக்காகச் சிலபேர் ஊர் நன்மையைக் கெடுப்பாங்க. அவங்களோட சேராதீங்க" என்று ஆபீசர் புத்தி சொன்னார். ஊரே தலையாட்டியது, சுருளியம்மாள் தலை மற்றவர்களைவிட நன்றாகவே ஆடியது.

ஜீப் வளைவு திரும்பி மறைந்தது.

மறைந்த மறுநிமிஷம் பெரியதனம் நல்லதம்பி சின்னத்தாயி வீட்டுக்குள் நுழைந்தார்.

"தாயி, அடுப்ப இடிக்கச் சொன்னது நான்தான்னு எங்க சொல்லிருவியோன்னு பயந்தே போயிட்டேன்."

"அத எதுக்கு மாமா சொல்லணும்? போன வருசம் பொகை படாம ஊருல ஒருத்தர் வெதையும் தேறல. புள்ளகுட்டி இருக்கிற வீட்டுல பொகை வேணாம், நீ ஒண்டியாத்தான இருக்கன்னு சொன்னீங்க. நாயமாத்தான் பட்டுச்சு."

பெரியதனம் அண்ணாந்து தன் பூண்டுக் கட்டை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு வெளியேறினார். அவருக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பரணில் இருந்தது பதினாறு வீட்டு விதை. சின்னத்தாயிக்கு நட ஒரு சாண் நிலம் கிடையாது.

கடைசியாக வந்தாள் சுருளியம்மாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"ஏக்கா, எங்க கட்ட எதுக்கு மூலையில தொங்க விட்டிருக்க? அடுப்புக்கு நேரா மாத்திக் கட்டு. அங்கதான் பொகை நல்லாப் படும்."