சூரியனை மட்டும் காட்டுங்க

"ஏழு பேருக்கும் மாற்றம்னு சொல்ற சீட்டுதான் வரணும். வர வைக்க முடியுமா?"

ஹெச்.ஆர். மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டார். ஆபீஸில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் சர்க்கரை சார் என்று பேர். யாரையும் அதட்ட மாட்டார். ஆளை வேலையை விட்டுத் தூக்கும்போதுகூட இனிக்க இனிக்கப் பேசித்தான் தூக்குவார்.

எதிரே உட்கார்ந்திருந்த, படச்சீட்டு வைத்து ஜோசியம் சொல்கிற டாரட்காரம்மா சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டே, "என் கையில இருக்கிற சீட்டுதானே சார். எது வேணுமோ அதை மேல வச்சுக்கிறேன்" என்றாள்.

அப்பாடா என்றிருந்தது சர்க்கரை சாருக்கு. இப்படி வெட்கமில்லாமல் ஒத்துக்கொள்கிற ஆளைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். ஏழு பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கம்பெனி அனுப்பினால் நஷ்டஈடு கொடுத்தாக வேண்டும். அவர்களே 'சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் சல்லிக்காசு தர வேண்டாம்.

"சாயங்காலத்துக்குள்ள ஏழு கையெழுத்தும் வரணும். இல்லேன்னா எட்டாவது ஆள் நீங்கதான்" என்று எம்.டி. சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். எம்.டி. சிரித்தால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அர்த்தம்.

அதனால்தான் இன்றைக்கு ஆபீஸில் 'மனமகிழ் நாள்'. பலூன், கேக், கூடவே இலவசமாக எதிர்காலம்.

அவள் அந்தச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். வெள்ளைக் குதிரை மேல் ஓர் எலும்புக்கூடு, கையில் கறுப்புக் கொடி.

"இதுக்கு மரணச் சீட்டுன்னு பேர் சார். ஆனா ஆள் செத்துப்போறதுன்னு அர்த்தமில்ல. ஒண்ணு முடிஞ்சுபோச்சு, இனிமே வேறன்னு அர்த்தம். இதோ, குதிரைக் காலடியில ராஜாவே விழுந்து கிடக்கிறார் பாருங்க. பெரிய ஆளு, சின்ன ஆளுன்னு இது பார்க்காது. பின்னாடி ரெண்டு கோபுரத்துக்கு நடுவுல சூரியன்..."

"ராஜா கதையெல்லாம் வேண்டாம்மா. சூரியனை மட்டும் காட்டுங்க. மாற்றம் நல்லதுக்குத்தான், பழசையே பிடிச்சுத் தொங்காதீங்கன்னு இதமா சொல்லுங்க. மனசு இளகட்டும். மீதியை நான் பார்த்துக்கிறேன்."

"சரி சார்."

பேரம்கூடப் பேசவில்லை. பிழைக்கத் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டார்.

கண்ணாடி அறைக்குள் ஒவ்வொருவராகப் போனார்கள். சர்க்கரை சார் கேக் தின்கிற சாக்கில் வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு கேட்கவில்லை.

முதலில் ஸ்டோர் கீப்பர். பெண்ணை அப்போதுதான் காலேஜில் சேர்த்திருந்தார். சீட்டைப் பார்த்ததும் மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் குனிந்து ஏதோ சொன்னாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தார்.

அடுத்து கணக்குப் பிரிவு அக்கா. வெளியே வந்த அக்காவைச் சர்க்கரை சார் மறித்துக் கேட்டார்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"மனசு தெளிஞ்சிடுச்சு சார்."

இவளுக்குக் கொடுக்கிற காசு தகும் என்று சர்க்கரை சாருக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

மத்தியானம் ஸ்டோர் கீப்பரைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பேப்பரையும் பேனாவையும் நகர்த்தினார்.

"அண்ணே, வாழ்க்கையில ஒரு கட்டத்துல நாமளே..."

"வேலை போயிடுச்சுன்னு தெரியும் சார். போகட்டும். கையெழுத்து மட்டும் கேட்காதீங்க. நீங்க அனுப்புறதாவே எழுதிக் கொடுங்க, நஷ்டஈட்டோட."

கணக்கு அக்கா உட்காரவே இல்லை. "அவர் சொன்னதுதான் சார் நானும். உங்க நேரம் மிச்சம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஏழு பேரும் வந்து போனார்கள். ஒரு பேப்பரிலும் மை படவில்லை.

சர்க்கரை சாருக்கு வியர்த்துக் கொட்டியது. கண்ணாடி அறைக்கு ஓடினார். அந்த ஆபீஸில் அவர் குரல் உயர்ந்தது அன்றைக்குத்தான்.

"என்ன சொல்லித் தொலைச்சே அவங்ககிட்ட?"

அவள் சீட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சுபோச்சு, அழுதாலும் திரும்பாதுன்னு சொன்னேன். சார் நீட்டுற பேப்பர்ல கையெழுத்துப் போட்டா நஷ்டஈடும் சேர்ந்து போயிடும்னு சொன்னேன்."

"எங்கேயிருந்தோ வந்த சீட்டுக்காரி சொன்னா ஏழு பேரும் நம்பிடுவாங்களா?"

"எங்கேயிருந்தோ வரல சார். இவங்களோட இதே ஆபீஸ்ல ஒன்பது வருஷம் வேலை பார்த்தவ நான். உள்ள வந்து உட்கார்ந்ததுமே எல்லாரும் என்னை அடையாளம் கண்டுக்கிட்டாங்க."

சர்க்கரை சார் அவள் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். பார்த்தும் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எத்தனை பேர் வந்திருப்பார்கள், எத்தனை பேர் போயிருப்பார்கள். பேப்பரில் கையெழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்திருக்கிறாரே தவிர, போட்டது யார் என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

"கைக்குழந்தையோட இருந்தேன் சார். நீங்க அவ்வளவு அன்பா பேசினதும், பெரிய மனசுக்காரர்னு நம்பி இதே மாதிரி பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன். அப்புறம் வீட்டு வாடகைக்கு வழியில்லாம வீதிக்கு வந்துட்டோம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை.

"'இதை முடிவுன்னு நினைக்காதம்மா, ஆரம்பம்னு நினை'ன்னு சொல்லி அனுப்பினீங்க. சோத்துக்கு வேற வழியில்லாம ஆரம்பிச்சதுதான் சார் இந்தச் சீட்டுத் தொழில்."