தலைமேல் கைகள்

வெள்ளகோவில் சபையின் தகரக் கூரைக்குக் கீழே எப்சிபா முழங்காலில் நிற்கிறாள். ஆப்பிரிக்காவின் மலாவியில் ஆறு வருஷம் ஊழியம் செய்து லீவில் வந்தவளை மறுபடி வழியனுப்பும் ஜெபம். அவள் தலைமேல் பாஸ்டரின் கை; அதன்மேல் எண்ணெய் மில்லிலிருந்து நேரே வந்தவர்களின் பிண்ணாக்கு வாடையடிக்கும் கைகள். பிரசங்க பீடத்தருகே அவள் பெட்டி, பெண்கள் திணித்த பருப்புப்பொடியில் புடைத்து, கயிறு கட்டிக் கிடக்கிறது. பாஸ்டர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அவள் சொல்லிவிடுகிறாள்: "நான் போகலைங்க. என்னால முடியலைங்க. வேற யாரையாச்சும் அனுப்புங்க." பக்கத்தில் நிற்கும் ரூபி அக்காவின் முகம் மலர்கிறது. "கண்ணு, மோசேயும் ஆண்டவருகிட்ட இதையேதான் சொன்னாரு, அப்புறம் போனாரில்ல!" தகரம் அதிர அல்லேலூயா எழுகிறது. எப்சிபா எழப் பார்க்கிறாள். தலைமேல் இன்னும் இரண்டு கைகள் வந்து அழுத்துகின்றன.